திரும்பி வர வழி இருக்கிறதா? தொற்றுக்காலச் சுற்றுலா பற்றி வாசகர் கேள்விகள்

செய்தியில் நிபா, குரங்கம்மை என்று ஒரு பெயர் அடிபட்டால் போதும், டிக்கெட் போட்டவர்களுக்கும் போட நினைத்தவர்களுக்கும் தூக்கம் போய்விடுகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தும், நீளமானவற்றைச் சுருக்கியும் தந்திருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: டிசெம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகலாம் என்றிருக்கிறோம். கொரோனா மாதிரி இன்னொன்று இடையில் வந்துவிட்டால் என்ன செய்வது? எப்போது டிக்கெட் போடுவது நல்லது?

எப்போது போடுவது என்பதை விட, எப்படிப்பட்ட டிக்கெட் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2020ஐ நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஜனவரி 30ஆம் திகதியே சர்வதேச அவசரநிலையை அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் நம்மவர்கள் வழக்கம்போலப் பறந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் எல்லாம் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிட்டது. மார்ச் 11ஆம் திகதி இந்தியா சுற்றுலா வீசாக்களை நிறுத்துவதாக அறிவித்தது, 13ஆம் திகதி அது அமுலுக்கு வந்தது. 19ஆம் திகதி இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணிகள் வந்திறங்குவது நின்றது. மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கு. 22ஆம் திகதி இந்தியாவுக்கான சர்வதேச விமானங்கள் நின்றன. 23ஆம் திகதி நள்ளிரவோடு சிங்கப்பூரும் குறுகியகாலப் பயணிகளுக்குக் கதவைச் சாத்தியது.

அந்த நேரத்தில் போக முடியாமல் போனவர்களுக்குக் காசுதான் நட்டம். போன இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாடு வேறு. சொந்த நாட்டு விமான நிலையமே மூடியிருந்தது. விசேட விமானத்தில் இடம் கிடைக்கக் காத்திருந்து, வந்து இறங்கிய பிறகும் தனிமைப்படுத்தலில் இருந்துதான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே நீங்கள் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியது திரும்பி வரும் டிக்கெட்டுக்கு. திகதி மாற்றக்கூடிய டிக்கெட் கொஞ்சம் விலை கூடத்தான், ஆனாலும் அதையே எடுங்கள். ஹோட்டலைக் கடைசி நேரம் வரை இலவசமாக ரத்துசெய்யக்கூடியதாகப் பதிவு செய்யுங்கள். நான்கு பேர் இன்னும் இரண்டு வாரம் தங்க நேர்ந்தால் சமாளிக்கக்கூடிய அளவு கடன் அட்டையில் இடம் வைத்திருங்கள். பெரியவர்கள் யாராவது தினமும் மருந்து எடுப்பவர் என்றால் அதையும் அந்தக் கணக்கில் கூட்டிக் கொண்டுபோங்கள். பாடசாலை தொடங்குவதற்கு முதல் நாள் இரவு வந்து இறங்கும்படி போடாதீர்கள்.

இன்னொன்று. அவசரநிலை என்று அறிவித்த உடனே எல்லைகள் மூடும் என்றில்லை. குரங்கம்மைக்காக 2024 ஓகஸ்ட் 14ஆம் திகதி இரண்டாவது தடவையாக அதே அறிவிப்பு வந்தது. சுற்றுலாப் பயணம் அதனால் நின்றுவிடவில்லை. அறிவிப்பைப் பார்த்துப் பதறாமல், போகும் நாடு, இடையில் இறங்கும் நாடு, நம் நாடு ஆகிய மூன்றின் நுழைவு விதிகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று அசையத் தொடங்கினால் அன்றைக்கே விமான நிறுவனத்துடன் பேசுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எங்கள் கோயில் பக்கம் பெரியவர்கள் சிலர் சேர்ந்து திருப்பதி, பழனி, வேளாங்கண்ணி என்று ஒரு சுற்றுப் போக ஏற்பாடு. முகவர் முழுக் காசையும் முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா?

தவணையாகக் கொடுங்கள். டிக்கெட் வெட்டும்போது டிக்கெட்டுக்கான காசு, மீதியைப் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர். குழுக் கட்டணம் மலிவாக இருப்பதற்குக் காரணம் அதன் நிபந்தனைகள்: ஒருவர் விலகினால் அவருடைய காசு திரும்பாமல் போகலாம், பெயர் மாற்றவும் விடமாட்டார்கள். எழுபது வயதுக்காரர்கள் உள்ள குழுவில் யாராவது ஒருவருக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் வராமல் இருக்குமா? அந்த நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவு செய்தாயிற்று என்று முகவர் சொல்வதும் டிக்கெட் வெளியாவதும் வேறு வேறு. டிக்கெட் வெளியாகியிருந்தால் ஒவ்வொருவருக்கும் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்றால் அது 603 என்று தொடங்கும். அந்த எண் இல்லாத தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். விமான நிறுவனம் காசைத் திருப்பிக் கொடுத்தால் அது பெரும்பாலும் முகவரின் கணக்குக்கே போகும். அங்கிருந்து உங்களுக்கு எத்தனை நாளில் வரும், சேவைக் கட்டணம் எவ்வளவு கழியும் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். தெரிந்த ஆள், நம்ம ஊர்க்காரர் என்று இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் 2020இல் அலைந்தவர்கள்.

நுகேகொடையிலிருந்து: விமானம் ரத்தானபோது காசுக்குப் பதிலாக வவுச்சர் தந்தார்கள். அது காலாவதியாகிவிட்டது. காசைக் கேட்க முடியுமா?

ரத்துசெய்தது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் பயந்து ரத்துசெய்தால் உங்கள் டிக்கெட்டின் விதி என்ன சொல்கிறதோ அதுதான். விமான நிறுவனம் ரத்துசெய்தால் காசாகவே கேட்கலாம். ஆனால் வவுச்சரைச் சம்மதித்து ஏற்றுக்கொண்ட பிறகு நிலைமை கடினம். பெருந்தொற்றுக் காலத்தில் நிறுவனங்கள் வவுச்சர்களை நீடித்துக் கொடுத்த உதாரணங்கள் உண்டு, எழுதிக் கேட்டுப் பாருங்கள். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த முறைக்கு ஒரு விடயம். லண்டன், பாரிஸ் போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 இலக்க விமானப் பயணிகள் விதி, அங்கிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும், எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும். பிரித்தானியாவும் அதே மாதிரியான விதியை வைத்திருக்கிறது. ரத்தானால் ஏழு நாட்களுக்குள் காசு, வவுச்சர் என்றால் உங்கள் சம்மதத்தோடு மட்டும். கொழும்பிலிருந்து வளைகுடா நிறுவனம் ஒன்றில் போகும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை, திரும்பி வரும்போது இருக்கிறது. ரத்து என்று மின்னஞ்சல் வந்ததும் அதில் முதலில் தெரியும் பெரிய பொத்தானை அழுத்திவிடாதீர்கள். அது பெரும்பாலும் வவுச்சர் பொத்தான்.

வத்தளையிலிருந்து: விமானத்துக்குள் முகக்கவசம் போட்டால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். தேவையா?

பார்க்கட்டும். பறக்கும்போது பெரிய விமானங்களின் காற்று நல்ல வடிகட்டிகளூடாகப் போய் வருகிறது. நெரிசல் அதிகம் வரிசையிலும், பேருந்திலும், எல்லோரும் பெட்டி ஏற்றிக்கொண்டு நிற்கும் அந்த நேரத்திலும்தான். அங்கே போடுங்கள், சாப்பிடும்போது கழற்றுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மாணவர்: இலங்கையின் சுற்றுலாத்துறையை வீழ்த்தியது கொரோனாவா, ஈஸ்டர் தாக்குதலா, பொருளாதார நெருக்கடியா? ஒப்படைக்கு வேண்டும்.

ஒப்படைக்கு என்று ஒளிக்காமல் சொன்னதற்காகவே விரிவாகப் பதில் தருகிறேன். 2018இல் 23.3 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள், வருமானம் ஏறத்தாழ 440 கோடி டொலர். 2019இல் ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகும் ஆண்டு முடிவில் 19.1 இலட்சம். அதாவது அந்த அடியிலிருந்து நாடு மெல்ல எழுந்துகொண்டிருந்தது. 2020இல் 5.07 இலட்சம். ஆனால் அந்த எண் ஏமாற்றும், ஏனென்றால் ஏறத்தாழ முழுவதும் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை பூச்சியம். 2021 முழு ஆண்டுக்கும் 1.94 இலட்சம். 2022 மார்ச் மாதத்தில் மட்டும் ஒரு இலட்சத்தைத் தாண்டி நிமிரப் பார்த்தது, அப்போது எரிபொருள் வரிசைகள் வந்தன. அந்த ஆண்டு ஏறத்தாழ 7.2 இலட்சம், 2023இல் 14.87 இலட்சம், 2024இல் 20.5 இலட்சம். ஆழமான பள்ளம் கொரோனாவுடையது. எழ விடாமல் பிடித்து வைத்தது நெருக்கடி. அதே நேரம் சுற்றுலா டொலர் நின்றுபோனது அந்த நெருக்கடிக்கான காரணங்களில் ஒன்று என்பதையும் எழுதுங்கள், இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போடாதீர்கள்.

ஆண்டுக் கணக்கில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. தெற்குக்கும் மேற்குக்கும் டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். கிழக்குக் கரையின் நிலாவெளி, உப்புவெளி, அறுகம்பை ஆகியவற்றுக்கு மே முதல் செப்டெம்பர் வரை. ஈஸ்டர் தாக்குதல் கிழக்கின் பருவம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர் நடந்தது. 2020 பருவம் பூச்சிய மாதங்களுக்குள் விழுந்தது. 2021இல் டெல்டா வகைக் கொரோனா, ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை ஊரடங்கு. 2022இல் பெற்றோல் இல்லை. ஹிக்கடுவைக்காரர் இடையில் ஒரு நல்ல டிசெம்பரையாவது கண்டார். கிழக்கில் படகு வைத்திருந்தவருக்கு அடுத்தடுத்து நான்கு பருவங்கள் அடிபட்டன. கொழும்பில் இருந்து எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுவது வழக்கம்.

திறந்த விதத்தையும் பாருங்கள். 2021 ஜனவரி 21ஆம் திகதி நாடு மீண்டும் திறக்கப்பட்டபோது, வந்தவர்கள் சான்றிதழ் பெற்ற ஹோட்டல்களில் தங்கி, பொதுமக்களோடு கலக்காமல் குறிப்பிட்ட இடங்களை மட்டும் பார்க்கலாம் என்று ஏற்பாடு. சுகாதாரத்துக்கு அது நியாயம். ஆனால் காசு பெரிய ஹோட்டலின் வாசலைத் தாண்டவில்லை. மலையகத்து எல்ல நகரில் மூன்று அறை வைத்திருந்தவர், சீகிரியாவில் வான் ஓட்டியவர், லீசிங் கட்டணத்துக்கு முச்சக்கர வண்டியை நம்பியவர் ஆகியோருக்கு நாடு திறந்ததாகவே தெரியவில்லை. என்னைக் கேட்டால், ஒப்படையின் மையமாக இதையே வைப்பேன்: எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, வந்தவர்களின் காசு யார் கைக்குப் போனது என்று.

தெஹிவளையிலிருந்து: பயணக் காப்புறுதி எடுத்தால் பெருந்தொற்றுக்கும் காசு கிடைக்குமா?

விளம்பரத்தில் கிடைக்கும். ஒப்பந்தத்தைப் படித்தால் பல சமயம் கிடைக்காது. காப்புறுதி எதிர்பாராததற்குத்தான். நோய் பரவுவது ஊருக்கே தெரிந்த பிறகு வாங்கிய காப்புறுதியில், அந்த நோயால் பயணம் ரத்தானால் தெரிந்த நிகழ்வு என்று கையை விரித்துவிடுவார்கள். ஆகவே டிக்கெட் போட்ட அன்றே எடுங்கள், புறப்படுவதற்கு முதல் நாள் எடுப்பதில் பாதிப் பயன்தான். முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அங்கே நோய் வந்தால் வைத்தியச் செலவு உண்டா? நோய் இல்லாமல் தனிமைப்படுத்தினால் ஹோட்டல் செலவு உண்டா? போக வேண்டாம் என்று அரசு அறிவுறுத்திய நாட்டுக்குப் போனாலும் செல்லுமா? ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்புறுதி கேட்பார்கள், அது வைத்தியத்துக்கும் நாடு திரும்பச் சேர்ப்பதற்கும். அதை வைத்துக்கொண்டு பயணம் ரத்தான காசைக் கேட்கப் போகாதீர்கள்.

மருதானையிலிருந்து: கொரோனா தடுப்பூசி அட்டையை எறிந்துவிடலாமா?

வேண்டாம், இடத்தையா அடைக்கிறது? கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். இப்போது உண்மையில் கேட்கப்படும் அட்டை மஞ்சள் காய்ச்சலுக்கானது. ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போகவும், அங்கிருந்து இலங்கைக்குத் திரும்பவும் அது வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்கள் முன்னர் ஊசி போட வேண்டும், 2016இலிருந்து ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும்.

மீண்டும் வத்தளை: டொரொண்டோவில் அண்ணாவின் மகளுக்குக் கல்யாணம். சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் நல்ல மலிவு. எடுக்கலாமா?

சாதாரண காலத்திலேயே நான் தயங்குவேன். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய வீசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலையில்லை. தொற்றுக்காலத்தில் இன்னும் மோசம்: 2020 மார்ச்சில் சிங்கப்பூர் நிறுத்தியது வருகையை மட்டுமல்ல, வழியில் மாறிச் செல்வதையும்தான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை நிறுவனத்துடையது. இரண்டாக இருந்தால் உங்களுடையது. டோஹா, துபாய் என்று ஒரே டிக்கெட்டில் போடுங்கள், கல்யாணத்துக்கு ஒரு வாரமாவது முன்னர் போய்ச் சேருங்கள். கனடா வீசா கைக்கு வரும் வரை இடத்தைப் பிடித்து மட்டும் வைக்கச் சொல்லுங்கள், முழுக் காசையும் கட்டாதீர்கள்.