மெடிக்கல் ரெப் வேலை: ராத்திரி 10 மணி ரிவ்யூ அழைப்பு

மேனேஜர் ராத்திரி 10 மணிக்கு அழைத்து அன்றைய விற்பனைக் கணக்கைக் கேட்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். போனை எடுக்காமல் விடாதீர்கள், அவர் கேட்கப்போவதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கடைசி டாக்டரைப் பார்த்ததும் கிளினிக் வாசலிலேயே நின்று, அன்றைய ஆர்டர், மாத மொத்தம், நாளைய திட்டம் மூன்றையும் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பெரும்பாலான மேனேஜர்களுக்கு மேலே சொல்ல ஒரு எண் கிடைத்தால் போதும்.

"25 தேதிக்கு மேல் குழந்தை முகத்தையே பார்ப்பதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் மனசு கனத்தது. பிரைமரி, அதாவது கம்பெனியிலிருந்து ஸ்டாக்கிஸ்ட்டுக்கு (மருந்து மொத்த வியாபாரிக்கு) போகும் விற்பனை, முழுக்க மாதக் கடைசியில் குவிகிறது என்று நினைக்கிறேன். ஸ்டாக்கிஸ்ட்டிடம் போன மாதச் சரக்கே கிடக்கும், நீங்கள் இன்னும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவீர்கள், விற்காதது எக்ஸ்பைரியாகித் திரும்பி வரும்.

மூன்று மாத பிரைமரி பில்களைத் தேதிவாரியாகப் பாருங்கள். பாதிக்கு மேல் 25-க்குப் பிறகு என்றால் காரணம் அதுதான். அப்புறம் 10, 20 தேதிகளில் செகண்டரி கணக்கை, அதாவது ஸ்டாக்கிஸ்ட்டிடமிருந்து மருந்துக் கடைகளுக்குப் போன விற்பனையைப் பார்த்து, ஓடிய அளவுக்கு மட்டும் ஆர்டரைப் பிரித்து வாங்குங்கள்.

ஆனால் செகண்டரியே 3 லட்சம்தான் ஓடும் ஏரியாவுக்கு 5 லட்சம் டார்கெட் என்றால் இதெல்லாம் உதவாது. அந்தக் கணக்கை மெயிலில் வைத்து டார்கெட்டைக் குறைக்கக் கேளுங்கள். மறுத்தால் வேறு கம்பெனி பாருங்கள்.