எல்க் வேட்டைக்கு எந்த அம்பு, எந்த முனை?

டென்வருக்கு வந்து ஒரு வருடம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "60 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்டு வில் (கப்பி வைத்தது) வாங்கியிருக்கிறேன், இழுப்பு நீளம் 28 அங்குலம். அலுவலக நண்பர் செப்டம்பரில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குக் கூப்பிடுகிறார். கடையில் லேசான அம்பும், 2 அங்குலம் விரியும் பிராட்ஹெட்டும் (வெட்டும் அலகு, அதாவது பிளேடு வைத்த வேட்டை முனை) எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? எச்1பி விசாவில் இருந்துகொண்டு வேட்டைக்குப் போகலாமா?"

தம்பி, இரண்டையும் எடுக்காதீர்கள். கடைக்காரர் சொல்வது வெள்ளைவால் மானுக்குச் சரி. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ இருக்கும். தடித்த தோல், அகலமான விலா எலும்பு, அதன்மேல் ஒட்டிய சேறு, இத்தனையையும் தாண்டி அம்பு இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். இரண்டு துளை விழுந்தால்தான் தரையில் ரத்தத் தடம் கிடைக்கும். ஒரே துளை, அதுவும் மேலே இருந்தால், ரத்தம் உள்ளேயே தங்கிவிடும். இருட்டிய காட்டில் அந்த விலங்கைத் தேடி அலைவதைப் போல ஒரு வேதனை கிடையாது.

உங்கள் வில்லில் 350 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் அளவு) அம்பு தோராயமாக நொடிக்கு 280 அடி போகும். 450 கிரெயின் அம்பு 250 அடி. ஆற்றலைக் கணக்குப் போட்டால் இரண்டும் 61, 62 அடி-பவுண்டு என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உந்தம் கனமான அம்பில் கூடுதல்; எலும்பில் பட்ட பிறகும் அதுதான் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். ஆப்பிரிக்காவில் பல வருடம் அம்புகளைச் சோதித்த எட் ஆஷ்பி, கனமான எலும்பை உடைக்க 650 கிரெயின் வேண்டும் என்பார். 60 பவுண்டு வில்லில் அவ்வளவு எடை ஏற்றினால் அம்பு சீக்கிரம் தாழ்ந்துவிடும், தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் குறி போய்விடும். 450 முதல் 500 வரை வைத்துக்கொள்ளுங்கள், போதும். முனைக்கு 125 கிரெயின் போட்டால் ஸ்பைன் (அம்பு எவ்வளவு வளையும் என்பதற்கான எண்) 340 எடுங்கள். இந்த எண் குறையக் குறைய அம்பு விறைப்பு என்று அர்த்தம்.

முனை விஷயத்தில் என் கட்சி எப்போதும் ஃபிக்ஸட்தான், அதாவது விரியாத, நிலையான அலகு. விரியும் முனை திறப்பதற்கே கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிடும், அகலமாக வெட்டுவதற்கு இன்னும் கொஞ்சம். 80 பவுண்டு இழுப்பவருக்கு அது நஷ்டமில்லை, உங்களுக்கு நஷ்டம். இரண்டு அல்லது மூன்று அலகு, 1 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், தடித்த எஃகு, அவ்வளவுதான். உங்கள் கொலராடோ மாநில விதிப்படி குறைந்தபட்ச அகலம் 7/8 அங்குலம், இரண்டு எஃகு வெட்டுவிளிம்பாவது இருக்க வேண்டும்.

அப்புறம் டியூனிங், அதாவது வில்லையும் அம்பையும் ஒத்துப்போக வைப்பது. பிராண்டைவிட இதுதான் பெரிய விஷயம். 40 கஜத்தில் பயிற்சி முனையும் பிராட்ஹெட்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். பிராட்ஹெட் இடது பக்கம் விழுந்தால் குறிபார்க்கும் சைட்டைத் தொடாதீர்கள். அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டை ஒரு மயிரிழை வலது பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி எய்யுங்கள். முனையை மேசையில் ஊன்றி அம்பைச் சுழற்றிப் பாருங்கள். முனைக்கிட்ட துளி ஆட்டம் தெரிந்தாலும் அந்த அம்பை வேட்டைக்கு எடுக்க வேண்டாம்.

பயிற்சியில் எய்த அலகோடு காட்டுக்குப் போகவே கூடாது. மழுங்கின கத்தி தக்காளித் தோலில் வழுக்குகிற மாதிரி, மழுங்கின அலகு ரத்தக் குழாயை வெட்டாமல் ஒதுக்கிவிட்டுப் போய்விடும். புது அலகு போடுங்கள், இல்லையென்றால் முன்கை முடி சிரைக்கிற அளவுக்குத் தீட்டுங்கள். விலங்கு பக்கவாட்டில் நின்றால் அல்லது லேசாக அப்பால் திரும்பி நின்றால் மட்டும் எய்யுங்கள். நேருக்கு நேர் நின்றால் எய்யாமல் விட்டுவிடுங்கள்.

விசா விஷயம்: எச்1பி-யில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கும் உண்டு. வில் அந்தக் கணக்கிலேயே வராது. கொலராடோவில் தொடர்ந்து 6 மாதம் குடியிருந்தால் போதும், உள்ளூர்க்காரர் கட்டணத்திலேயே உரிமம் வாங்கலாம். ஆனால் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் எல்லோருக்கும் வேட்டைக் கல்வி அட்டை கட்டாயம். அந்த வகுப்பை ஆகஸ்ட் வரை தள்ளிப்போடாமல் இப்போதே முடித்துவிடுங்கள்.