ஈஆர்பியைக் கிளவுடுக்கு மாற்றினால் லாபமா? கேள்விகளும் என் பதில்களும்

கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாம் ஓடும் சாஃப்ட்வேரான ஈஆர்பியைக் கிளவுடுக்கு, அதாவது நெட் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு, மாற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. கோவை, திருப்பூர், சென்னைப் பக்கம் நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு இந்த வேலை செய்துகொடுப்பவன் நான், அதனால் பதிலும் அந்த அளவு நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும். நான் எந்த கிளவுட் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை.

கேள்வி (கோவை, பம்ப் தயாரிப்பு, கணக்கு மேலாளர்): சார், சர்வர் வாரண்டி முடிகிறது. புதிது வாங்க லைசென்சோடு 12 லட்சம் கொட்டேஷன். கிளவுட்காரர் மாதம் 55,000 என்கிறார். 22 மாதத்தில் சர்வர் விலை வந்துவிடுகிறது, அதற்கு மேல் கட்டுவதெல்லாம் நட்டம்தானே என்கிறார் எங்கள் முதலாளி. என்ன பதில் சொல்வது?

முதலாளி கணக்கு தப்பில்லை, பாதிக் கணக்கு. சர்வர் வாங்கி வைத்த பிறகு அது சும்மா ஓடுவதில்லை. சர்வர், ஸ்டோரேஜ், சுவிட்ச் எல்லாம் சேர்த்து 800 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பகல் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 யூனிட். அதைக் குளிர வைக்கும் ஏசிக்கு இன்னொரு 3,000. யூனிட் 8 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 80,000, ஐந்து ஆண்டுக்கு 4 லட்சம். யுபிஎஸ் பேட்டரி நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டும், ஏசி சர்வீஸ் இருக்கிறது, அதற்கு ஒன்றரை. வாரண்டி மூன்று ஆண்டு என்றால் நான்காவது, ஐந்தாவது ஆண்டு ஏஎம்சிக்கு (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஒன்றரை. வெளியிடத்தில் பேக்கப் வைக்க ஒரு 2 லட்சம். ஆக 12 என்றது 21 ஆகிவிட்டது. சிஸ்டம் பார்க்கும் ஆளின் நேரத்தில் இதற்கென்று மாதம் 12,000 ஒதுக்கினால் இன்னொரு 7 லட்சம். மொத்தம் 28.

கிளவுட் பக்கம் 55,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு 33 லட்சம். ஆனால் விலைப்பட்டியல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை. மூன்று ஆண்டு கமிட்மென்ட் கொடுத்தால் 42,000க்கு இறங்கலாம், அப்போது 25 சொச்சம். இரண்டாவது இன்டர்நெட் லைன் கட்டாயம் போட வேண்டும், அது மாதம் 4,000 என்றால் இன்னும் இரண்டரை. ஆக 28க்குக் கிட்டே வந்து நிற்கிறது.

கிட்டத்தட்ட சமம், இல்லையா? இப்போது ஒரு முக்கியமான இடம். கிளவுடுக்குப் போன பிறகும் அந்தச் சிஸ்டம் ஆள் பிரிண்டரும் பார்கோடு ஸ்கேனரும் பார்த்துக்கொண்டு அதே சம்பளத்தில் இருக்கப்போகிறார் என்றால், அந்த 7 லட்சத்தை மிச்சமாகக் காட்டாதீர்கள். அப்போது 21க்கு எதிராக 28 ஆகிறது, கிளவுட் தோற்கிறது. விற்க வருபவர்களின் எக்செல் ஷீட்டில் இந்த வரியைத்தான் முதலில் தேடுவேன், பெரும்பாலும் அங்கேதான் மாயம் நடந்திருக்கும். ஆகவே முதலாளியிடம் "மலிவு" என்று ஆரம்பிக்காதீர்கள். விலை சமம், வேறு என்ன கிடைக்கிறது என்று ஆரம்பியுங்கள்.

கேள்வி (சென்னை, அம்பத்தூர், ஐடி பொறுப்பாளர்): அந்த "வேறு என்ன" என்பதைத்தான் எங்கள் எம்டி ஏற்க மறுக்கிறார். ரிஸ்க் என்றாலே பயமுறுத்துகிறாய் என்கிறார்.

அம்பத்தூரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் போதாதா? சரி, பொதுவாக ரிஸ்க் என்று பேசினால் யாரும் அசைய மாட்டார்கள். லாரியைக் காட்டுங்கள். ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவு செய்த இன்வாய்ஸ், கட்டாயம். ஈஆர்பி படுத்தால் இன்வாய்ஸ் இல்லை, பதிவாகாத இன்வாய்ஸ் செல்லாது, சரக்கு ஏற்றிய வண்டி கேட்டிலேயே நிற்கும். போர்ட்டலில் கையால் அடிக்கலாம்தான், பத்து பில் அடிக்கலாம், இருநூறு அடிக்க முடியாது. ஒரு நாளில் எத்தனை வண்டி போகிறது, தாமதத்துக்கு வாடிக்கையாளர் எவ்வளவு பிடிப்பார், வண்டிக் காத்திருப்புக் கூலி எவ்வளவு என்று டிஸ்பாட்ச் செக்‌ஷனில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் எம்டியிடம் இரண்டே கேள்வி: சர்வர் போனால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப ஓட வேண்டும்? எத்தனை மணி நேர என்ட்ரி போனால் பரவாயில்லை? "நாலு மணி நேரம், அரை மணி நேரம்" என்று அவர் வாயால் சொல்லிவிட்டால், அதே பாதுகாப்பை உங்கள் கட்டடத்தில் செய்ய என்ன செலவு என்று போடுங்கள். இரண்டாவது சர்வர், அதுவும் வேறு ஊரில். அங்கேதான் கிளவுட் உண்மையாகவே மலிவு.

கேள்வி (திருப்பூர், சிறிய ஏற்றுமதி நிறுவனம்): அண்ணா, எட்டுப் பேர் டேலி போடுகிறோம், ஒரே ஆபீஸ். மாறலாமா?

வேண்டாம் தம்பி. தினசரி பேக்கப்பை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள், போதும். இரண்டாவது யூனிட் திறந்தால் வாருங்கள், பேசுவோம்.

கேள்வி (சாஃப்ட்வேர் துறை நண்பர்): உலகமே திரும்பிப் போகிறதே? 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க சாஃப்ட்வேர் கம்பெனி கிளவுடை விட்டு வெளியேறிக் கோடிக்கணக்கில் மிச்சம் பிடித்ததாகச் சொன்னார்களே?

உண்மைதான். 2022இல் அவர்களுடைய கிளவுட் பில் 32 லட்சம் டாலர். டெல் சர்வர்கள் சுமார் 7 லட்சம் டாலருக்கு வாங்கி வேலைகளை மாற்றி, 2024இல் பில்லை 13 லட்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நெட்டில் கோப்பு சேமித்துத் தரும் டிராப்பாக்ஸும் சொந்த டேட்டா சென்டருக்குப் போய் இரண்டு ஆண்டில் ஏழரைக் கோடி டாலர் அளவுக்குச் செலவைக் குறைத்ததாகப் பங்குச் சந்தைக்கு வந்தபோது கணக்குக் காட்டியது.

ஆனால் அவர்கள் யார் என்று பாருங்கள். சர்வர் லோடு ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருக்கும், சர்வர் பார்க்கவே தனி டீம் ஏற்கெனவே இருக்கிறது, அளவும் பெரிது. உங்களிடம் இந்த மூன்றும் இருந்தால் நானே வாங்குங்கள் என்பேன். நம் ஊர் மில்லில் லோடு சீர்தான், அதை ஒப்புக்கொள்கிறேன், டீம்தான் இல்லை. ஒரு ஆள், அவரும் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விடுவார்.

கேள்வி (ஈரோடு): போய் ஓராண்டு ஆகிறது. சொன்னது மாதம் 60,000, வருவது 95,000. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று இல்லை, கவனிக்க ஆள் இல்லை. பில்லை வரிவரியாகத் திறந்து பாருங்கள். முதல் சந்தேகம் டெஸ்ட் சர்வர், அதாவது மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க வைத்திருப்பது. மாதத்துக்கு 730 மணி நேரம். டெஸ்ட் சர்வரை வேலை நாளில் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் ஓடவிட்டால் 260தான் வரும், அந்த மெஷின் ஓடும் வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே போய்விடும். அடுத்தது, மெஷினை அழித்த பிறகும் அநாதையாகக் கிடக்கும் டிஸ்க்குகள், யாரும் துடைக்காத பழைய ஸ்னாப்ஷாட்டுகள் (டிஸ்க் நகல்கள்). அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் என்றால், இன்டர்நெட்டிலிருந்து சர்வரை அடையும் பொது ஐபி முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கணக்கில் காசு. மாதம் நாலு டாலருக்குள்தான், ஆனால் பத்துப் பதினைந்து கிடக்கும். கிளைகள் தினமும் பெரிய ரிப்போர்ட்டுகளை இறக்கினால் வெளியே போகும் டேட்டாவுக்குத் தனிக் கட்டணம்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. பில் ரூபாயில் வந்தாலும் பல சேவைகளின் விலை டாலரில் கட்டியிருக்கிறது. 2016இல் 67 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் 2024 டிசம்பரில் 85ஐத் தாண்டியது. ஐந்து ஆண்டுக் கணக்குப் போடும்போது டாலர் ஏற்றத்துக்கு ஒரு வரி சேர்க்காதவர் கணக்கை நான் நம்புவதில்லை.

கேள்வி (பட்டயக் கணக்காளர்): கணக்குப் புத்தகம் வெளிநாட்டு சர்வரில் இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி இருக்க வேண்டும். கம்பெனிச் சட்ட விதிகளில் 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்கு முன் அவ்வப்போது என்று இருந்தது, இப்போது தினசரி. ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மும்பை, ஹைதராபாத், மைக்ரோசாஃப்டின் அஷூருக்குச் சென்னை, புனே, கூகுளுக்கு மும்பை, டெல்லி என்று உள்ளூரிலேயே இருக்கும்போது சிங்கப்பூரில் போட எந்தக் காரணமும் இல்லை. மாதச் சந்தாவில் வாங்கும் சாஃப்ட்வேர்களில்தான் கவனம். டேட்டா எந்த நாட்டில் என்று எழுத்தில் வாங்குங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அணைக்க முடியாத எடிட் லாகும் (யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவு) அவசியம் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (அதே கணக்காளர்): வரியில் லாபம் உண்டு என்று எல்லா விற்பனையாளரும் சொல்கிறார்களே?

கொஞ்சம் உண்டு, பெரிதுபடுத்துகிறார்கள். சர்வர் வாங்கினால் 40 சதவீதத் தேய்மானம், 12 லட்சத்துக்கு முதல் ஆண்டு 4.8 லட்சம். சந்தா என்றால் கட்டியது முழுவதும் அந்த ஆண்டுச் செலவு. இது எப்போது கழிக்கிறோம் என்ற வித்தியாசம்தான். மறுபக்கம், தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தைப் பார்த்துக் கடன் வரம்பு போடும் பேங்கராக இருந்தால், வாடகைச் செலவு ஏறி அந்த லாபம் குறைந்து தெரியும். லிமிட் புதுப்பிக்கும் ஆண்டில் மாறுவதாக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி (ஸ்பின்னிங் மில், எஸ்ஏபி ஈஆர்பி வைத்திருக்கிறோம்): எங்களிடம் உள்ள பழைய பதிப்பான ஈசிசிக்கு ஆதரவு 2027இல் முடிகிறது, உடனே புதிய எஸ்/4 ஹானா கிளவுடுக்கு வாருங்கள் என்று நெருக்குகிறார்கள்.

ஈசிசியின் கடைசிப் பதிப்புகளுக்கு 2027 இறுதி, கூடுதல் கட்டணம் கட்டினால் 2030 வரை நீளும். பயந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை, தூங்கவும் நேரமில்லை. முதலில் உங்கள் இசட் புரோகிராம்களை எண்ணுங்கள், அதாவது உங்களுக்கென்று எழுதி வைத்தவை. எஸ்ஏபியில் பயன்பாட்டுக் கணக்கு காட்டும் எஸ்டி03என் திரையைத் திறந்து எது எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று மாதவாரியாக எடுத்து வையுங்கள். பல ஆண்டு ஓடிய மில்களில் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதில் பெரும் பகுதியை யாரும் தொடவே இல்லை என்று தெரியவரும். முன்பிருந்த ஜிஎம் கேட்ட ரிப்போர்ட், அவர் போய்விட்டார், ரிப்போர்ட் மட்டும் இருக்கிறது. பஞ்சு கலவை, கழிவுக் கணக்கு மாதிரி உங்கள் தொழிலுக்கே உரியவை மிஞ்சும். அவை ஒரு கை அளவுக்குச் சுருங்கினால் எல்லோருக்கும் பொதுவான பதிப்பு போதும், செலவும் குறைவு. சுருங்கவில்லை என்றால் தனிப் பதிப்பு, அதன் செலவு வேறு ரகம். இதை எண்ணாமல் வாங்கிய கொட்டேஷன் வெறும் காகிதம்.

கேள்வி: கிளவுடில் போட்ட பிறகு தனியாக பேக்கப் எதற்கு?

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஒரு ஓய்வூதிய நிதி, உறுப்பினர்கள் 6 லட்சத்துக்கும் மேல். 2024 மே மாதம் கூகுளில் இருந்த அவர்களுடைய தனி கிளவுட் ஒன்று அழிந்தே போனது. அமைத்துக்கொடுத்தபோது ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டதால், ஓராண்டு முடிந்ததும் தானாக அழியும்படி ஆகிவிட்டது. தப்பு வாடிக்கையாளருடையது இல்லை, கூகுளே ஒப்புக்கொண்டது. உறுப்பினர்கள் ஒரு வாரம் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீட்டெடுக்க, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் உதவியது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி (பொள்ளாச்சி, தென்னைநார் ஆலை): எங்களுக்கு நெட் அடிக்கடி போகும்.

இரண்டு கம்பெனி லைன் போடுங்கள், இரண்டும் ஒரே கம்பத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை மேடையும் கேட் என்ட்ரியும் நெட் இல்லாமலும் ஓடி, பிறகு சேர்ந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். அது முடியாது என்று சாஃப்ட்வேர்காரர் சொன்னால் இப்போதைக்கு மாறாதீர்கள்.

கேள்வி (கரூர்): பிடிக்கவில்லை என்றால் வெளியே வர முடியுமா?

சர்வரை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால் வரலாம். 2024இல் மூன்று பெரிய கம்பெனிகளும் முழுதாக வெளியேறுபவர்களுக்கு டேட்டா எடுத்துப்போகும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டன, விதிமுறை உண்டு. சாஃப்ட்வேரையே சந்தாவில் எடுத்திருந்தால்தான் சிக்கல். டேட்டா தருகிறோம் என்பார்கள், கடைசியில் நாற்பது எக்செல் கோப்பு வரும், எந்த இன்வாய்ஸ் எந்த ஆர்டருக்கு என்ற தொடர்பு அதில் இருக்காது. கையெழுத்துக்கு முன்பே முழு டேட்டாபேஸ் எந்த வடிவில் தருவார்கள், இணைப்பு ஆவணங்கள் சேர்ந்து வருமா, சந்தா முடிந்து எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சோதனைக் காலத்திலேயே ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கிப் பாருங்கள். இறக்க விடவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்கலாம்.