ஓடும் காரில் நாவல் படிக்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோடை விடுமுறையில் கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், மாமியார் ஆகியோருடன் சொந்தக் காரில் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக நாகர்கோவில் வரை ஒரு வாரப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறார். திருமணத்துக்கு முன் நாவல்களை விடாமல் படித்துவந்தவருக்கு இப்போது வீட்டில் அதற்கு நேரம் அமைவதில்லை. கார் ஓடும் நேரத்திலாவது படிக்கலாம் என்று கையில் எடுத்தால் இரண்டு பக்கத்துக்குள் தலை சுற்றி வயிற்றைப் புரட்டுகிறது. "புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு எதற்கு ஊர் சுற்றக் கிளம்ப வேண்டும்?" என்பது கணவரின் குறை. பிள்ளைகள் இருவரும் செல்போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை. பயணத்தில் நாவல் படிக்க வழி உண்டா, எதைக் கொண்டுபோகலாம், வீட்டில் மற்றவர்களையும் இதில் சேர்க்க முடியுமா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். கார் ஓடும்போது படிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். நாவலைக் கைவிட வேண்டியதில்லை. காரில் அது காது வழியாக வரட்டும். கண்ணால் படிப்பதற்கு இந்தப் பயணத்திலேயே வேறு நேரம் இருக்கிறது.

தலைசுற்றல் உங்கள் பலவீனம் அல்ல. உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் உடல் திரும்புவதையும், அவற்றை ஒட்டியுள்ள சிறு உறுப்புகள் வண்டி வேகமெடுப்பதையும் தயங்கி நிற்பதையும் மூளைக்குத் தெரிவித்தபடியே இருக்கின்றன. அதே நேரத்தில், அசையாத எழுத்துகளில் ஊன்றியிருக்கும் கண்கள் எதுவும் நகரவில்லை என்கின்றன. இந்த இரு தகவல்களும் பொருந்தாமல் போவதுதான் குமட்டலுக்குக் காரணம் என்பது மருத்துவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட விளக்கம். வண்டி ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லை அரிதாகவே வருகிறது. அடுத்த திருப்பம் எங்கே, பிரேக் எப்போது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். 2 வயது முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வரும். எனவே உங்கள் மகன் செல்போனில் விளையாடிக்கொண்டே வந்து செங்கல்பட்டு தாண்டியதும் வாந்தி எடுத்தால், காலையில் சாப்பிட்ட இட்லியைக் குறை சொல்லாதீர்கள். இந்த விஷயத்தில் செல்போன் திரையும் புத்தகப் பக்கமும் ஒன்றுதான்.

சென்னையை விட்டு வெளியேறும் பகுதிதான் இதற்கு மிக மோசமானது. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி வரை வண்டி நின்று நின்று போகும்; ஒவ்வொரு பிரேக்குக்கும் உட்காது ஒரு செய்தி அனுப்பும். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் இந்த இழுபறி பெருமளவு குறையும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் கிளம்ப வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். தலைசுற்றல் தொடங்கினால் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தொலைவில் தெரியும் மலையையோ அடிவானத்தையோ பார்ப்பது உதவும். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போடுவதால் பெரிய பயனில்லை. பெரும்பாலான மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால் வண்டி ஓட்டுபவர் அவற்றைத் தொடவே கூடாது.

படிக்கும் பழக்கமுள்ள பலர் முன் இருக்கையில் காலை மடக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, கெட்டி அட்டைப் புத்தகத்தை மார்புக்கு நேராகப் பிடித்தபடி உட்காருவதைப் பார்க்கிறேன். விபத்தில் காற்றுப்பை (ஏர்பேக்) விரிந்தால் அந்தப் புத்தகம் முகத்தில்தான் வந்து அறையும். பின் இருக்கையில் இருப்பவர்களுக்கும் பெல்ட் கட்டாயம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருந்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

சரி, எப்போது படிப்பது? உங்கள் பயணத் திட்டத்தில் கும்பகோணமும் தஞ்சாவூரும் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் நண்பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் இந்த நான்கு மணி நேரத்தை வீணாகிப்போன பொழுதாகவே நினைத்து, மே மாத வெயிலில் இன்னொரு இடம் பார்க்கலாம் என்று அலைந்து, மாலையில் கோயில் திறக்கும்போது எல்லோரும் சிடுசிடுப்போடு நிற்பார்கள். வாசிப்புக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினால், காலையிலிருந்து வண்டி ஓட்டிய கணவர் தூங்குவார், மாமியார் காலை நீட்டிப் படுப்பார், உங்களுக்கு இரண்டு மணி நேரம் யாருடைய முகச்சுளிப்பும் இல்லாமல் கிடைக்கும். உங்கள் கணவரின் குறையும் இதில் பெருமளவு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். அவரை உறுத்துவது புத்தகமாக இருக்காது. தான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சுத்துணையாக இல்லை என்பதாகத்தான் இருக்கும். அது நியாயமான குறையும்கூட. அறை பதிவு செய்யும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் படிக்கும் விளக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல விடுதிகளின் மங்கிய குழல்விளக்கில் பொடி எழுத்தைப் படிக்க முடியாது. புத்தகத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு விளக்கு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, காரில் காது வழியாக வரும் நாவல். யாராவது ஒருவர் உரக்க வாசித்து மற்றவர்கள் கேட்பது அழகான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் வாசிப்பவரின் கண்ணும் எழுத்தில்தானே இருக்கும்? குமட்டல் அவரைத் தேடி வரும். எனக்குப் பிடித்த வழி வேறு. முதல் நாள் மதியமோ இரவோ நீங்கள் படித்த அத்தியாயங்களை மறுநாள் காரில் கதையாகச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுபவரும் கேட்கலாம். குறுக்கே கேள்வி கேட்கலாம். பிள்ளைகள் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். சொல்வதற்குத் தயக்கமாக இருந்தால் ஒலிநூல் இருக்கிறது. வழியில் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் என்பதால் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பின்னணி இசை சேர்த்தவற்றைவிட ஒரே குரலில் நிதானமாக வாசித்தவை காருக்கு ஏற்றவை, ஏனென்றால் சாலை இரைச்சலோடு இசையும் சேர்ந்தால் பாதி வசனம் காதில் விழாது.

காரில் சொல்வதற்கென்று நாவல் தேடினால், பத்திரிகையில் தொடராக வந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைப்பதற்காக எழுதப்பட்டவை என்பதால், அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் போய் நிற்பவை. டீக்கடையில் வண்டியை நிறுத்தும்போது கதையையும் அங்கேயே நிறுத்த வசதி. நீங்கள் போகும் வழிக்குப் 'பொன்னியின் செல்வன்' தவிர வேறொன்றை நான் யோசிக்கவே மாட்டேன். பழகிப்போன பெயராயிற்றே என்று முகம் சுளிக்க வேண்டாம். படம் பார்த்த பிள்ளைகளுக்குக்கூட வந்தியத்தேவனின் குதிரை போகும் பாதையும் தங்கள் கார் போகும் பாதையும் பல இடங்களில் ஒன்றுதான் என்பது தெரிந்திருக்காது.

விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பு பக்கம் வந்தால் வீராணம் ஏரி. கல்கி 1950-இல் தொடங்கிய அந்தத் தொடர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று இந்த ஏரிக்கரையில்தான் ஆரம்பிக்கிறது. காலை 5 மணிக்குப் பெரம்பூரில் கிளம்பினால் இங்கே வந்துசேரச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதற்குள் கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டம் வரைக்குமான முதல் ஆறு அத்தியாயங்களைச் சொல்லி முடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். கதையில் கடல்போல ததும்பும் ஏரி, மே மாதத்தில் அப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். கொள்ளிடத்திலிருந்து வடவாறு வழியாகத்தான் இதற்குத் தண்ணீர் வருகிறது. டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாளே ஜூன் 12. தண்ணீர் குறைவாக இருந்தாலும் சென்னைப் பிள்ளைகளுக்கு இந்த ஏரியில் ஒரு உரிமை உண்டு. 2004-இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் குடிநீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் குழாய், 200 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. வந்தியத்தேவன் பார்த்து வியந்த ஏரியின் நீர் தங்கள் ஊர்க் குழாய்களுக்கும் வருகிறது என்பதை 9 வயதுப் பையன் எளிதில் மறக்க மாட்டான்.

இதேபோல மற்ற இடங்களிலும் எதைத் தேட வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேலக்கடம்பூரில் தேர் வடிவிலான அருமையான கோயில் இருக்கிறது. கதையில் வரும் சம்புவரையரின் கடம்பூர் மாளிகை இல்லை. கோயிலும் கதை நடக்கும் காலத்துக்குப் பிற்பட்டது. குந்தவை வாழ்ந்ததாகக் கதையில் வரும் பழையாறை இப்போது பட்டீஸ்வரத்தை அடுத்த அமைதியான கிராமம். அரண்மனை எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் பக்கத்திலேயே சோழன்மாளிகை என்று ஓர் ஊர் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. கதை நடக்கும்போது அது கட்டப்படவே இல்லை. கோபுரத்தின் எதிரே நின்று மகள் இதைத் தானாகவே கண்டுபிடிக்க விட்டால் இன்னும் நல்லது.

ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள் என்ற கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். முதல் பாகத்தை மட்டும் எடுத்துப்போங்கள். அதன் 57 அத்தியாயங்களே ஒரு வாரத்துக்குத் தாராளம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் மலிவுப் பதிப்புகள் பல உண்டு, தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. மணியத்தின் ஓவியங்களோடு தொடரைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் அதை மட்டும் காரில் ஏற்றாதீர்கள். புளியோதரை எண்ணெய்க்கு அது ஈடுகொடுக்காது. மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தத் தொடர் பிற்காலத்திலும் பல முறை மறுபடி வெளியானது, அதை வாராவாரம் படித்தவராக அவர் இருக்கக்கூடும். அப்படியானால் காரில் கதை சொல்லும் பொறுப்பை அவரிடமே விட்டுவிடலாம்.

இது எல்லோருக்குமான நாவல். உங்களுக்கே உங்களுக்கென்று இன்னொன்று தனியாக வேண்டும், அதை யாருக்கும் கதை சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்தில் தங்கும்போது தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படிப்பது தனி அனுபவம், ஆனால் அது பெரியவர்களுக்கான நாவல், கனமான புத்தகமும்கூட. மதுரையைத் தாண்டிக் கோவில்பட்டிக் கரிசலில் இறங்கும்போது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் மெலிந்தவை, இரண்டு மூன்று மதியங்களில் முடிந்துவிடும். போகும் ஊருக்கும் படிக்கும் நாவலுக்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல் ஒன்றை வாங்கி ஒரே மதியத்தில் முடித்துவிட்டு அறையிலேயே விட்டுவந்தாலும் அது வாசிப்புதான். பல ஆண்டுகள் விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பப் பிடிக்க, உயர்ந்த இலக்கியத்தைவிட இது சில சமயம் விரைவாக வேலை செய்கிறது.

திரும்பும் நாளுக்கு மட்டும் நாவல் எதையும் ஒதுக்க வேண்டாம். விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தென்மாவட்டங்களிலிருந்து வரும் வண்டிகள் அத்தனையும் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒலிநூலை நிறுத்திவிட்டு ஓட்டுபவரின் கவனத்தைச் சாலைக்கே விட்டுவிட வேண்டும். நாகர்கோவிலிலிருந்து ஒரே மூச்சில் சென்னை வருவது பிள்ளைகளுக்கும் பெரியவருக்கும் கடினம் என்பதால், சனிக்கிழமை இரவு திருச்சியில் தங்கிவிட்டு மறுநாள் காலை 7 மணிக்குள் கிளம்பினால், அந்த நெரிசல் தொடங்கும் முன்பே பெரம்பூர் வந்து சேர்ந்துவிடலாம்.