நுவரெலியாப் பெலர்கோனியம் களுவாஞ்சிகுடியில் நிற்குமா?

கேள்வி: சேர், நான் களுவாஞ்சிகுடியில் வீட்டு வளவில் பூங்கன்று வளர்த்து விற்கிறேன். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனபோது நாலு விதமான ஜெரேனியம் கன்று வாங்கி வந்தேன், கடையில் பெலர்கோனியம் என்றும் சொன்னார்கள். வந்த புதிதில் நன்றாகப் பூத்தது. இப்போது பெரிய பூப் பூக்கிற வகை மொட்டே வைப்பதில்லை, தொங்கும் வகையின் இலைக்கு அடியில் சொரசொரப்பான கொப்புளம், இலையில் வட்டக் கோடு உள்ள வகையில் இரண்டு கன்று தண்டு கறுத்து வாடிவிட்டது. வாசம் வருகிற ஒன்றுதான் நல்லாயிருக்கு. கத்தரிப் பாத்தி மண்ணும் மாட்டெருவும் கலந்துதான் சாடியில் போட்டேன், காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன மருந்து அடிக்கலாம்? சித்திரை வருடப்பிறப்புக்குக் கன்று போட்டு விற்க முடியுமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியதில் மருந்து அடித்துத் தீர்க்கிற கோளாறு ஒன்றுகூட இல்லை, அதனால் கடைக்குக் காசு எடுத்துக்கொண்டு போக முன் இதை முழுக்க வாசியுங்கள். விற்பனைக்குக் கன்று போடலாம், ஆனால் நாலையும் இல்லை, இரண்டை மட்டும்.

பெலர்கோனியத்தில் இருநூற்றுக்கு மேல் இனங்கள் இருக்கின்றன, அநேகமாக எல்லாம் தென்னாபிரிக்காப் பக்கத்துச் செடிகள். வறண்ட நாட்டுச் செடிக்கு மட்டக்களப்பு வெயில் என்ன பெரிய விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். பகல் வெயிலை ஓரளவு தாங்கும்தான். இங்கே அதைச் சாகடிப்பது இரவில் குளிராததும் வேரில் ஈரம் நிற்பதும். முதலாவதை நாம் மாற்ற முடியாது, இரண்டாவது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

பெரிய பூ வகையை ரீகல் என்பார்கள். மொட்டு உண்டாவதற்கே அதற்குச் சில கிழமைகள் தொடர்ந்து இரவில் 15 பாகை அளவுக்குக் குளிர வேண்டும். 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற நுவரெலியாவில் அந்தக் குளிர் தானாகவே கிடைக்கிறது, நம்ம பக்கம் மார்கழி மழையில்கூட இரவு 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நீங்கள் பார்த்த பூவெல்லாம் மலையிலேயே உண்டான மொட்டு, இங்கே வந்து விரிந்தது, அவ்வளவுதான். பசளை மாற்றினாலும் சாடி மாற்றினாலும் அது இங்கே திரும்பப் பூக்காது. பண்டாரவளைப் பக்கம் சொந்தக்காரர் யாரும் இருந்தால் கொடுத்துவிடுங்கள். விற்பதற்கு மட்டும் வேண்டாம், வாங்கினவர் அடுத்த வருடம் வந்து பூ எங்கே என்று உங்களைத்தான் கேட்பார்.

இனி வாடின கன்றுகள். வட்டக் கோடு உள்ளதற்கு சோனல் என்று பெயர், நமக்கு உழைக்கக்கூடியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தண்டு கறுப்பதற்கு இரண்டு வகையான காரணம் உண்டு. ஒன்று ஈரத்தில் வருகிற பூஞ்சண அழுகல்: மண்மட்டத்தில் தொடங்கி, கரி பூசின கறுப்பாக, தொட்டால் நொளநொளவென்று மேலே ஏறும். மற்றது பக்டீரியா: இலை ஓரத்தில் ஆப்பு வடிவில் மஞ்சள் விழும், அல்லது சின்னச் சின்ன நீர்ப்பொட்டு வரும், பிறகு மண் ஈரமாக இருக்கும்போதே கன்று தலையைத் தொங்கப் போடும். எது என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வாடத் தொடங்கின தண்டை, முழுக்க அழுகின இடத்தில் இல்லாமல் அதற்குச் சற்று மேலே, கூரான கத்தியால் இரண்டு அங்குலத் துண்டாக வெட்டுங்கள். கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீருக்குள் சற்றே தாழ்ந்திருக்கும்படி தண்டை அசையாமல் பிடியுங்கள், பின்னால் ஒரு கறுப்புத் துணி இருந்தால் நல்லது. சில நிமிடத்தில் வெட்டுமுனையிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய நூல் கீழே இறங்கினால் அது பக்டீரியா. அதற்கு மருந்து கிடையாது. கடையில் யாராவது ஏதாவது தந்தால் வாங்காதீர்கள்.

நூல் இறங்கினால் கன்றை மண்ணோடு சேர்த்து வளவுக்கு வெளியே எடுத்துப் புதையுங்கள் அல்லது எரியுங்கள், கூட்டெருக் குழிக்குள் போடவே கூடாது. சாடியை வெளிற்றும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். நூல் வரவில்லை என்றால் பூஞ்சணமாக இருக்கலாம், அந்தக் கன்றும் தப்பாது, ஆனால் நுனியில் பச்சையாக, சுத்தமாக இருக்கிற கொப்பை வெட்டிப் புதிதாக நடலாம். பால் நூல் கண்ட கன்றிலிருந்து கொப்பு எடுக்க ஆசைப்படாதீர்கள், எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும்.

தொங்கும் வகை ஐவி. அதன் இலைக் கொப்புளம் நோயே இல்லை. வேர் எடுக்கிற தண்ணீர் இலை வழியாக வெளியேறுவதைவிடக் கூடினால் இலையின் உட்கலங்கள் வீங்கி வெடித்து, காய்ந்து, தக்கை போல ஆகிவிடும். பின்னேரம் ஊற்றுகிற தண்ணீர்தான் காரணம்: மண் சூடு, இரவு புழுக்கம், வேர் குடித்துக்கொண்டே இருக்கிறது. பின்னேரத் தண்ணீரை நிறுத்துங்கள், வருகிற புது இலை சுத்தமாக வரும், பழைய கொப்புளம் ஆறாது, அழகுக்கு வேண்டுமானால் கிள்ளி விடுங்கள். இன்னொன்று, பலரும் ஐவியை மேலே தொங்கவிட்டு அதற்குக் கீழே சோனல் சாடிகளை அடுக்குகிறார்கள், பார்க்க வடிவுதான். ஆனால் நான் சொன்ன பக்டீரியாக் கருகலை ஐவி வெளியே பெரிதாகக் காட்டாமலே வைத்திருக்கக்கூடியது. மேலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேரே சோனல் தலையில் விழும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். கோடையில் ஐவியின் குருத்திலை வெளிறி வெள்ளையாக வந்தால் அது சூட்டின் வேலை, நிழலுக்குத் தள்ளினால் திரும்பும். வீட்டுக்கு ஒன்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், விற்பனைக்கு நான் சொல்லமாட்டேன்.

வாச இலை வகைதான் உங்கள் இரண்டாவது சரக்கு. ரோசா வாசம் வந்தால் அது எண்ணெய் எடுக்கிற இனத்தைச் சேர்ந்தது, எலுமிச்சை வாசத்திலும் உண்டு. பூ சின்னது, அதற்காக யாரும் வாங்குவதில்லை. இலையைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள், ஆகவே மேசையில் முன்வரிசையில் வையுங்கள். எண்ணெய் காய்ச்சலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: 1,000 கிலோ இலைக்கு 1 முதல் 2 கிலோ எண்ணெய் வரைதான் கிடைக்கும், வளவுக் கன்றை நம்பி அந்த வேலையில் இறங்க வேண்டாம். சில இடங்களில் இதை நுளம்புச் செடி என்று சொல்லி விற்கிறார்கள். இலையைக் கசக்கினால் வாசம் வரும், சும்மா சாடியில் நிற்கிற செடி நுளம்பை விரட்டாது. மாறாக, சாடிக்கு அடியில் வைக்கிற தட்டில் தேங்குகிற தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும், பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் உங்களுக்குத்தான் வழக்கு. தட்டே வேண்டாம், இரண்டு ஓட்டுத் துண்டின் மேல் சாடியைத் தூக்கி வையுங்கள்.

மண் விஷயத்துக்கு வருவோம். பாத்தி மண்ணை இனி சாடிக்குள் போடாதீர்கள். தும்புத் தூள் இரண்டு பங்கு, பெருமணலான ஆற்றுமணல் ஒரு பங்கு, கருக்கின உமி ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. தும்புத் தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம். வாவிப் பக்கத்து வீடென்றால் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், உவர் தெரிந்தால் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ கொடுங்கள், இல்லையென்றால் இலை ஓரம் கருகிக்கொண்டே வரும். சாடி சின்னதாக இருக்கட்டும், வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் இது நன்றாகப் பூக்கும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில், இலை நனையாமல், அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் அன்று ஒன்றும் இல்லை. யூரியா போட்டால் இலை கொழுக்கும், பூ வராது, பொட்டாசியம் கூடின திரவப் பசளையை சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். வாடின பூவைக் காம்போடு அடியில் ஒடித்து எடுங்கள், இதழை மட்டும் உதிர்த்துவிட்டுப் போகாதீர்கள்.

இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அலுப்புத்தான். கச்சான் காற்று அடிக்கிற காலம் முழுக்க வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வையுங்கள்: காலை வெயில் ஐந்து மணித்தியாலம் படும், மேற்கிலிருந்து வருகிற அனல் படாது. ஐப்பசி பிறந்து வாடையோடு சாரல் கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் அப்படியே மறுபக்கம், வெளிச்சம் உள்ள கூரைக்குக் கீழே.

சித்திரை விற்பனைக்குக் கணக்கு இப்படி. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன், நல்ல தாய்ச்செடிகளைப் பாதி உயரத்துக்கு வெட்டி விடுங்கள். மழைக்காலம் முழுக்கக் கூரைக்குள், தண்ணீர் மிகக் குறைவு. தை பிறக்கும்போது புதுத்துளிர் கொப்பாகி நிற்கும். மழை விட்ட ஒரு காலையில் மூன்று நாலு அங்குலக் கொப்பாக, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளையும் மொட்டையும் கிள்ளிவிட்டு, பின்னேரம்வரை நிழலில் போட்டு வெட்டுவாய் காயவிடுங்கள். காயாமல் நட்டால் அழுகும். பொலித்தீன் மூடுவதும் இதற்குக் கூடாது, ரோசாவுக்குச் செய்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மணலும் தும்புத் தூளும் சரிபாதி, மூன்று நாலு கிழமையில் வேர் வந்துவிடும். ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் கத்தியைக் கட்டாயம் வெளிற்றும் தண்ணீரில் முக்கித் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். கன்று பிடித்து நாலைந்து இலை விட்டதும் நுனியை ஒருமுறை கிள்ளுங்கள், பக்கக் கொப்பு வரும். சித்திரைக்குள் எல்லாம் பூத்துவிடும் என்று சொல்லமாட்டேன், முந்தி வெட்டினது பூக்கும், பிந்தினது மொட்டோடு நிற்கும், மொட்டோடு இருப்பதே வாங்குகிறவருக்கு நல்லது. சோனல் விதை கிடைத்தால் அதையும் போட்டுப் பாருங்கள், அந்தக் கருகல் விதையோடு வருவதில்லை, ஆனால் பூக்க மூன்று நாலு மாதம் எடுக்கும்.

கடைசியாக அந்தக் கத்தரிப் பாத்தி. கிளாசில் பால் நூல் இறங்கியிருந்து, அந்தப் பாத்தியிலும் முன்பு கத்தரியோ தக்காளியோ பச்சையாக நிற்கும்போதே திடீரென வாடியிருந்தால், முன்னே சொன்ன கருகல் இல்லாமல், வேறொரு வாடல் பக்டீரியா அந்த மண்ணிலேயே இருக்கக்கூடும், அது வருடக்கணக்கில் கிடக்கும். வருகிற பெரும்போகத்துக்கு அங்கே கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் வேண்டாம், நிலக்கடலையும் வேண்டாம், சோளன் போடுங்கள். அடுத்த தடவை வாடுகிற கன்று எதுவாக இருந்தாலும் பிடுங்காமல் சாடியோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.