உண்ணிக் காய்ச்சல்: கேளுங்கோ, சொல்லுறன்

மார்கழி லீவுக்கு யாழ்ப்பாணம் போனவை காய்ச்சலோட கொழும்புக்குத் திரும்பி வாற காலம் இது. அதால இண்டைக்கு உண்ணிக் காய்ச்சல் மட்டும். டெங்கு பற்றி இன்னொரு நாளைக்குக் கேளுங்கோ.

வெள்ளவத்தையில இருந்து: டொக்டர், இவர் ஊரில வளவு துப்புரவாக்கிட்டு வந்தவர், பத்து நாளால காய்ச்சல் தொடங்கிட்டுது. டெங்கு இல்லையாம், ஆனா பிளேட்லெட் குறையுது, தலையிடி தாங்கேலாதாம். அக்குளுக்க கறுப்பா ஒரு புண், நோவில்லை எண்டுறார்.

அக்கா, இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. வளவு துப்புரவாக்கினதையும் அந்தப் புண்ணையும் அவை கேக்காட்டியும் நீங்களா வாய் திறந்து சொல்லுங்கோ, சேட்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ. சிகரெட்டால சுட்ட மாதிரி நடுவில கறுத்த பொருக்கு, சுத்திவர சிவப்பு, நோகாது, அதாலதான் ஆக்கள் கவனிக்கிறேல்லை. அக்குள், அரை, தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ, முழங்காலுக்குப் பின்பக்கம் எண்டு உடுப்பு மறைக்கிற இடமாப் பாத்துத்தான் இருக்கும். எல்லாருக்கும் அந்தப் புண் வராது, ஆனபடியா புண் இல்லையெண்டா நோயும் இல்லை எண்டு இருந்திடாதேங்கோ. பிளேட்லெட் இதிலயும் இறங்கும், அதுதான் கொழும்பில டெங்குவோட குழம்புது.

கடிக்கிறது பத்தைக்குள்ள இருக்கிற சிற்றுண்ணியின்ர குஞ்சு, கண்ணுக்குத் தெரியிறதே பெரிய பாடு. அதில இருந்து வாற கிருமிக்குப் பேர் ஒரியன்ஷியா. பார்மசியில சும்மா வாங்கிப் போடுற அமொக்சிசிலின் இதுக்குக் கேக்காது, டொக்சிசைக்ளின்தான் மருந்து. பெரியாக்களுக்கு வழமையா 100 மில்லிகிராம், நாளுக்கு ரெண்டு தரம், ஒரு கிழமை. ரத்த ரிப்போர்ட் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிராம, சந்தேகம் எண்டாலே டொக்டர்மார் தொடங்கவேணும். தொடங்கி ரெண்டு நாளுக்குள்ள காய்ச்சல் விடாட்டி வேற என்னவோ எண்டு யோசிக்கவேணும். விட்டு வைச்சா ரெண்டாவது கிழமை நுரையீரல், மூளை, சிறுநீரகம் எண்டு போகும், சாவும் வரும். புரூபன் (ஐபுபுரோஃபன்) குடுக்கவே குடுக்காதேங்கோ, டெங்கு இல்லையெண்டு டொக்டர் உறுதியாச் சொல்லும் வரைக்கும் பனடோல்தான்.

தெமட்டகொடை: எங்கட நாய்க்கு உண்ணி நிறைய. எங்களுக்கும் இந்தக் காய்ச்சல் வருமா?

அது வேற உண்ணி, இதைப் பரப்பாது. மிருக வைத்தியரிட்டக் காட்டுங்கோ.

கொட்டாஞ்சேனை: வீட்டில மற்றவைக்குத் தொத்துமா?

இல்லை.

பம்பலப்பிட்டி, லேப்பில வேலை செய்யிறவர்: ரிப்போர்ட் வரமுதல் மருந்து தொடங்கச் சொல்லுறது பிழை டொக்டர். அப்ப நாங்கள் லேப் வைச்சிருக்கிறது ஏன்?

தம்பி, நீங்கள் பாக்கிறது உடம்பு உண்டாக்கின எதிர்ப்புப் பொருளை. அது ரத்தத்தில தெரியவே ஒரு கிழமை அளவு பிடிக்கும். மூண்டாம் நாள் நெகட்டிவ் வந்தா அதை வைச்சு நான் என்ன செய்ய? வைல் ஃபீலிக்ஸ் எண்ட பழைய ரத்தப் பரிசோதனை எண்டா இன்னும் மோசம், நோய் இருக்கிற ஆளிலயே கனக்கத் தவறவிடும்.

அவரே: வைல் ஃபீலிக்ஸ் பழசு, ஒத்துக்கொள்ளுறன். எதிர்ப்புப் பொருளை நுணுக்குக்காட்டியில பாக்கிற ஐ.எஃப்.ஏ டெஸ்ட் இருக்குத்தானே?

நல்ல டெஸ்ட்தான், ஆர் இல்லையெண்டது? ஆனா அதுக்கு ரெண்டு சாம்பிள் வேணும், முதலாவது இப்ப, மற்றது ரெண்டு கிழமையால, எதிர்ப்புப் பொருள் நாலு மடங்கு ஏறியிருந்தாத்தான் உறுதி. ரெண்டு கிழமை மருந்தில்லாம ஆளைப் படுக்க வைக்கவோ? ரத்தத்தை எடுங்கோ, அனுப்புங்கோ, அதே கையோட மாத்திரையையும் குடுங்கோ.

தெகிவளை: நாய் உண்ணி கடிச்சா...

தெமட்டகொடைக்குச் சொன்னதை வாசியுங்கோ.

மட்டக்குளி: தங்கச்சி ஆறு மாசம் கர்ப்பம், மன்னாருக்குப் போய் வந்தவ. உந்த மாத்திரை போடலாமா?

அவவுக்கு அசித்ரோமைசின் குடுப்பினம். நீங்களா வாங்கிக் குடுக்காதேங்கோ, காய்ச்சல் இருந்தா ஒரு நாளும் பிந்தாம வார்டில காட்டுங்கோ, ஏனெண்டா இந்த நோயால பிள்ளைக்கும் ஆபத்து.

வத்தளை: இது புது நோயா? முந்தி நாங்கள் கேள்விப்படேல்லை.

நீங்கள் கேள்விப்படாட்டியும் அது இருந்ததுதான். ரெண்டாம் உலகப் போரில பர்மாப் பக்கம் நிண்ட படையளைப் படாதபாடு படுத்தினது இதுதான். எங்கட தொற்றுநோய்ப் பிரிவு கிழமைக்குக் கிழமை விடுற அறிக்கையில டைபஸ் எண்டு ஒரு நிரல் இருக்கு, உண்ணிக் காய்ச்சலும் அதுக்குள்ளதான், அதில யாழ்ப்பாணத்தைப் பாருங்கோ. இதுக்குத் தடுப்பூசி இல்லை. பத்தைக்க போறதெண்டா நீளக் காற்சட்டை போட்டு சொக்ஸுக்குள்ள விடுங்கோ, புல்லில இருக்காதேங்கோ, உடுப்பைச் செடியில காயப்போடாதேங்கோ, வந்த உடனே சோப் போட்டுக் குளியுங்கோ. பத்தையை வெட்டினா இந்தச் சிற்றுண்ணி ஒட்டுற எலியும் குறையும்.

கிருலப்பனை: காய்ச்சலுக்குப் புரூபன்...

ஐயோ, வேண்டாம் எண்டு முதல் பதிலிலயே சொல்லிட்டன்.

பம்பலப்பிட்டி, திரும்பவும்: டொக்டர், மருந்து தொடங்கினா, கிருமியின்ர மரபணுவைத் தேடுற பி.சி.ஆர் டெஸ்ட் பிழைக்காதா?

பிழைக்கலாம், இதில நீங்கள் சொல்லுறது சரி. அதால கறுத்தப் பொருக்கு இருந்தா முதல் மாத்திரைக்கு முன்னம் அதில ஒரு துண்டு எடுத்து வையுங்கோ, கிருமி கூட இருக்கிறது அதிலதான். ரெண்டு நிமிச வேலை. அதைச் சாட்டி மாத்திரையைப் பிந்தப்படுத்தினா நான் சண்டைக்கு வருவன்.