ரீடிங் காம்ப்ரிஹென்ஷனில் ஆசிரியரின் மனப்பாங்கைக் கேட்கும் கேள்விகளுக்கு எப்படி விடை கண்டுபிடிப்பது?

ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளில் சேர்வதற்கான கேட் (CAT) தேர்வுக்குப் படிப்பதாகவும், ஆசிரியரின் டோன், ஆட்டிட்யூட் பற்றிய கேள்விகள்தான் தொடர்ந்து தப்பாவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2024 தேர்வில் ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் விஏஆர்சி பிரிவின் 24 கேள்விகளில் 16 ஆர்சி (ரீடிங் காம்ப்ரிஹென்ஷன்) பத்திகளிலிருந்தே வந்தன. அதனால் இதைச் சரிசெய்வது கட்டாயம்.

பத்தியில் உள்ள கருத்தெல்லாம் ஆசிரியருடையது என்று எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் சறுக்கும் இடம். உதாரணத்துக்கு நானே எழுதிய மூன்று வரிகள்:

“பசுமைப் புரட்சி பஞ்சாபின் கோதுமை விளைச்சலைப் பெருக்கியது உண்மை. அதன் ஆதரவாளர்கள் அதை ஓர் அற்புதம் என்றே கொண்டாடுகிறார்கள். ஆனால் நிலத்தடி நீர் இப்படிக் குறைந்துகொண்டே போகும்போது, கொண்டாட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.”

‘அற்புதம்’ ஆதரவாளர்களின் சொல். விளைச்சல் பெருகியதை மட்டும் ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். ‘ஆனால்’ வந்த பிறகுதான் அவருடைய சொந்தக் குரல் கேட்கிறது. அங்கேயும் ‘கொஞ்சம்’ என்று அளந்தே பேசுகிறார். ஆகவே முழு ஆதரவும் இல்லை, கடும் கண்டனமும் இல்லை; ‘தயக்கத்தோடு கூடிய ஏற்பு’ என்ற சாய்ஸ்தான் பொருந்தும். ஆங்கிலப் பத்தியில் ‘பட்’, ‘ஹவெவர்’, ‘யெட்’ வரும் இடங்களை இதே கண்ணோடு பாருங்கள்.

வறண்ட நடையைப் பார்த்ததும் ‘நியூட்ரல்’ என்று குறித்துவிடாதீர்கள். ‘மியர்லி’, ‘சோ-கால்டு’ போன்ற ஒரே ஒரு சொல் ஆசிரியரின் சாய்வைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம், தீவிரமான சாய்ஸை எப்போதும் தள்ளிவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. பத்தியே சூடாக எழுதப்பட்டிருந்தால் விடையும் சூடாகத்தான் இருக்கும். ‘ஆம்பிவேலன்ட்’, ‘இன்டிஃபரென்ட்’ இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முன்னதில் இரு பக்கமும் மனம் இழுபடுகிறது, பின்னதில் அக்கறையே இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் சொந்தக் கருத்து. சுற்றுச்சூழல், சாதி, தொழில்நுட்பம் என்று நமக்கு அழுத்தமான நிலைப்பாடு உள்ள விஷயங்களில், நம் கோபத்தை ஆசிரியர் மேல் ஏற்றிவிடுகிறோம். எந்த சாய்ஸைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஆதாரமான சொல்லைப் பத்தியில் தொட்டுக்காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு நாளிதழ்த் தலையங்கங்களே போதும். ஒன்றைப் படித்து முடித்ததும், எழுதியவர் எதை ஏற்கிறார், எதில் தயங்குகிறார் என்று உங்கள் சொற்களில் ஒரு வரி எழுதுங்கள். மாக் டெஸ்டிலும் சாய்ஸ்களைப் பார்க்கும் முன் அந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.